ஆசிரியர் கனக. சுப்புரத்தினம்
பாவேந்தர் வாழ்வும் நம் மக்கள் கல்வியும்

பெற்றோர் தம் மக்கட்குச் செய்யத்தக்க உதவிகளுள் கல்வியளித்தலினும் சிறந்தது பிறிதில்லை என்பது நம் முன்னோர் துணிபு. அதனை மறுப்பார் இன்று ஒருவரும் இலர். ஆயின், எக்கல்வியை அளிப்பது, எம்மொழியில் அளிப்பது, எத்துணையாண்டு அளிப்பது என்னும் வினாக்கள் எழுங்கால் அறிவுடையோரும் தடுமாறுகின்றனர். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் பருவத்தில், ஆசிரியத் தொழிலினனாகிய என்னை நம் சங்கத்து அன்பர் பலர் உசாவுவது இவற்றையே. இவ்வினாக்கள் புதியன அல்ல. நூறாண்டுகட்கு முன்னரும் நம் புதுவை நகரத்துப் பெற்றோர் இவற்றை எதிர்கொண்டனர். அக்காலத்தில் ஒரு சிறுவன் புகுந்த பள்ளியும் அதனால் அவன் எய்திய நிலையும் நமக்கு நல்ல விளக்கமாகும். அச்சிறுவனே பின்னாளில் பாரதிதாசன் எனப் புகழ்பெற்ற கனக. சுப்புரத்தினம் ஆவார். பாவலராக அவரை யாவரும் அறிவர். முப்பத்தேழாண்டு பள்ளியாசிரியராக உழைத்தவர் அவர் என்பதை நினைப்பார் சிலரே. ஆதலின் அவருடைய ஆசிரிய வாழ்வையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்கக் கருதுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

சுப்புரத்தினம் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆம் நாள் புதுவையிற் பிறந்தார். தந்தையார் கனகசபை முதலியார் என்னும் வணிகர். தாயார் இலக்குமி அம்மையார். தந்தையார் பெயரின் முற்பகுதியைத் தம் பெயரின்முன் சேர்த்துக் கனக. சுப்புரத்தினம் என எழுதுவது அவர் வழக்கம்.

அக்காலத்துப் புதுவை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து 1816இல் மீளப்பெற்ற இந்நகரில் அவர்கள் 1826இல் ஒரு கல்லூரியை நிறுவினர். இன்று பிரெஞ்சு லிசே என வழங்குவது அதுவே. பாதிரிமார் 1844இல் பெத்தி செமினேர் பள்ளியைத் தொடங்கினர். பின்னர்க் கலவை சுப்பராயச் செட்டியார் என்னும் வள்ளலின் கொடையால் மிஷன் வீதியில் கலவைக் கல்லூரி எழுந்தது. அதனைக் கல்வே கல்லூரி எனவும் வழங்குவர். இவ்வாறு ஒரு சிறு நகரத்திற்குள்ளே பல கல்விச்சாலைகள் அமைந்தன.

எனினும், கற்பார்முன் இருந்த வழிகளைத் தொகுத்துக் காணின் அவை இரண்டே. ஒன்று பிரெஞ்சு வழி. அதன்கண் சென்று செர்த்திபிக்கா, பிரெவே, பக்கலோரெயா முதலிய தேர்வுகளில் தேறியவர்க்கு அரசினர் அலுவலகக் கதவு திறந்தது. புதுவையில் இடமில்லையேல் கடல் கடந்து சைகோன் சென்று பிரெஞ்சு அரசின் கீழ்ப் பணிபுரிந்து பொருளீட்டினோர் நம் நகரில் மிகப் பலர். மற்றொன்று தமிழ் வழி. இலக்கண இலக்கியம் கற்றவர்க்குக் கிட்டக்கூடியது பெரும்பாலும் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வேலையே. பண்டிதர் என்னும் பெயருக்கு மதிப்புண்டு. அம்மதிப்பிற்கேற்ற வருவாய் இல்லை. எவ்வழியைப் பெற்றோர் விரும்பியிருப்பர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

தேர்ந்த வழி

சுப்புரத்தினமும் முதலிற் பிரெஞ்சுப் பள்ளியிற் பயின்றவரே. ஆயினும் அவர் தமிழ்ப் பள்ளியிற் பயின்ற காலமே மிகுதி. திருப்புளிசாமி ஐயரிடம் தொடக்கக் கல்வி பெற்றார். பின்னர்ப் பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய புலவர்களிடம் பாடங் கேட்டார். சிறு பருவத்திலேயே பாட்டியற்றும் ஆற்றலும், இசையிலும் நாடகத்திலும் ஈடுபாடும் அவர்பால் வெளிப்பட்டன.

பதினாறாம் வயதில் தமிழ்ப் புலமைத் தேர்வு கருதிக் கலவைக் கல்லூரியிற் சேர்ந்தார். மூன்றாண்டு பயிலவேண்டிய பாடங்களை இரண்டே ஆண்டில் முடித்து, தேர்வில் முதல்வராகத் தேறினார். 1909ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதில், காரைக்காலைச் சார்ந்த நிரவி என்னும் ஊரில் அரசினர் பள்ளித் தமிழாசிரியராக அமர்ந்தார்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. பயன் குறைந்தது என உலகத்தார் கருதிய வழியிற் சென்றவர் பயனிலராகப் போகவில்லை. விரும்பியதைக் கற்றமையால் விரைந்து கற்றார். விரைந்து கற்றமையால் முதல்வரானார். முதல்வரானமையால் இளமையிலேயே வேலையும் எய்தினார். பிள்ளையின் உள்ளம் செல்லும் வழியும் பெற்றோர் செலுத்தும் வழியும் ஒன்றாயின் மூன்றாண்டுக் கல்வி இரண்டாண்டிற் கைகூடும். மாறுபடின் இரண்டாண்டுக் கல்வி நான்காண்டாகியும் கைகூடாது. இதனை வகுப்பறையில் நாடோறுங் காண்கின்றோம்.

பாரதியார் தொடர்பு

ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் பாரதியார் 1908இல் புதுவைக்கு வந்தார். 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். ஒரு திருமண வீட்டில் பாரதியாரின் பாட்டொன்றைச் சுப்புரத்தினம் பாட, அவையிலிருந்த பாரதியார் அதனைக் கேட்டு மகிழ்ந்தார் என்றும், அன்றுமுதல் இருவர்க்கும் நட்பு விளைந்ததென்றும் வரலாறு கூறும். பின்னர்ச் சுப்புரத்தினம் தம்முன் இயற்றிய பாட்டொன்றைப் பாரதியாரே சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பிவைத்தார்.

இத்தொடர்பால் நேர்ந்த மாற்றம் பெரிது. புலவர்களிடம் சுப்புரத்தினம் கற்றது செறிந்த நடை. எளிய மக்களுக்கும் விளங்குமாறு பாடுதலே பாட்டின் பயன் என்பதைப் பாரதியாரிடம் அறிந்தார். முன்னது இல்லையேல் பின்னது வலியிழந்திருக்கும். பின்னது இல்லையேல் முன்னது ஏட்டோடு நின்றிருக்கும். 1918இல் பாரதியார் புதுவையை நீங்கினார். சுப்புரத்தினமோ பாரதிதாசன் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, அப்பெயரால் எழுதினார்.

வகுப்பறையும் பாட்டும்

1920இல் பழநி அம்மையாரை மணந்தார். ஆசிரியப் பணி இடையறாது நடந்தது. பணி செய்துகொண்டே எழுதினார். எழுதியவற்றுட் பல பள்ளிப் பிள்ளைகளையும், பள்ளிக்கு வாராத பிள்ளைகளையும் கருதியன. 1930இல் மட்டும் சிறுவர் சிறுமியர் தேசிய கீதம், தாழ்த்தப்பட்டார் சமத்துவப் பாட்டு முதலிய சிறு நூல்கள் வெளிவந்தன. அக்காலத்திலேயே ஈ. வெ. ரா. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திற் சேர்ந்து, புதுவை முரசு என்னும் ஏட்டிலும் எழுதிவந்தார். 1938இல் அவருடைய பாடல்களின் முதற்றொகுதியைப் பட்டம் பெற்ற பெண்மணியாராகிய குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட்டார். பெண்கல்விக்காகப் பாடிய ஒருவரின் நூலைக் கல்வி பெற்ற பெண்ணொருவரே உலகுக்கு அளித்தது பொருத்தமுடைய செயலாம்.

கல்வி பற்றிய அவர் கருத்தை அறிய விழைவோர் இரண்டு நூல்களைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்று, 1942இல் முதற்பகுதி வெளிவந்த குடும்ப விளக்கு. கல்வியுடைய பெண் ஒருத்தி இல்லத்தை எங்ஙனம் நடத்துகின்றாள், கணவனுக்கும் மாமன் மாமியர்க்கும் மக்கட்கும் எங்ஙனம் ஒளியாக நிற்கின்றாள் என்பதை அந்நூல் காட்டுகின்றது. மற்றொன்று, 1944இல் வெளிவந்த இருண்ட வீடு. கல்வியில்லாத குடும்பமொன்றில் விடியற்காலை தொடங்கி நேரும் சோம்பலும் பூசலும் அழிவும் அதன்கண் நகைச்சுவையோடு விரிகின்றன. முன்னதில் உள்ள விளக்கும் பின்னதில் உள்ள இருளும் எண்ணெயாலும் திரியாலும் வந்தன அல்ல; கல்வியுண்மையாலும் இன்மையாலும் வந்தனவே என்பது கற்பார்க்கு இனிது விளங்கும்.

இக்கருத்தை அவர் மேடையிலிருந்து பெற்றாரல்லர். கரும்பலகையின்முன் பல்லாண்டு நின்ற ஒருவர்க்கு எவ்வீட்டுப் பிள்ளை எண்ணெய் தேய்த்துத் தலைவாரி வருகின்றது, எவ்வீட்டுப் பிள்ளை உண்ணாது வருகின்றது, எவ்வீட்டுப் பெண் திடீரென நின்றுவிடுகின்றாள் என்பது தெரியாமற் போகாது. ஆசிரியர் கண்டதையே பாவலர் பாடினார் என்று கொள்ளலாம்.

1945இல் தமிழியக்கம் என்னும் நூலை இயற்றினார். வணிகர், புலவர், ஆசிரியர், மாணவர் எனப் பலரையும் நோக்கித் தமிழின் நிலையை எடுத்துரைத்து எழுப்பும் நூல் அது. தம் இனத்தவராகிய தமிழாசிரியரையும் அவர் விட்டுவைத்தாரல்லர். கற்பிப்போர் ஊக்கமின்றிக் கற்பித்தால் கற்போர் வெறுப்பர் என்பதை அறிந்தவரன்றோ!

சாதியும் சங்கமும்

இவ்விடத்து ஓர் உண்மையை மறையாது கூறுதல் கடமை. பாவேந்தர் சாதி வேலிகளை ஒருகாலும் ஒப்பாதவர். மக்களைப் பிறப்பால் உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவதைக் கடுமையாகச் சாடியவர். அத்தகையவர் வரலாற்றை ஒரு சமூகச் சங்கத்தின் இதழில் எழுதுங்கால், அவரை நம்மவர் என்றோ பிறரவர் என்றோ உரிமை பாராட்டுதல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. அவர் யாவர்க்கும் உரியர். சங்கம் என ஒன்று இருக்குமாயின் அதனால் ஆகத்தக்க தலையாய பயன், பொருளின்மையால் எந்தப் பிள்ளையும் இடையிற் படிப்பை நிறுத்தாதவாறு காத்தலே. அக்கை அயல்வீட்டுப் பிள்ளைக்கும் நீளுமாயின், பாவேந்தர் கருத்திற்கு நாம் சிறிது அண்மையிற் சென்றவராவோம்.

பிற்கால வாழ்வு

1946ஆம் ஆண்டு அவர் வாழ்விற் சிறந்ததோர் ஆண்டு. அவ்வாண்டு சூலை மாதத்தில் சென்னையில் நடந்த பெருவிழாவில், அறிஞர் அண்ணா முதலியோர் முயற்சியால் ரூபாய் 25,000 கொண்ட பொற்கிழி அவர்க்கு வழங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். ஒரு பள்ளியாசிரியர்க்குத் தமிழ் மக்கள் திரண்டு இத்துணைப் பொருளளித்தது அந்நாளிற் பெருஞ்செய்தி.

1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கிப் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டு பாவேந்தர் புதுவைச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். குயில் என்னும் இதழை நடத்தினார், திரைப்படங்களுக்கும் எழுதினார். இறுதியிற் சென்னையில் வாழ்ந்து, 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஆங்கே மறைந்தார். உடல் புதுவைக்குக் கொணரப்பெற்று அடக்கஞ் செய்யப்பட்டது. பிசிராந்தையார் என்னும் நாடகத்திற்காக 1969ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு அவர் மறைவிற்குப் பின் அளிக்கப்பெற்றது. திருச்சிராப்பள்ளியிற் பல்கலைக்கழகமும், புதுவையில் மகளிர் கல்லூரியும் அவர் பெயரால் விளங்குகின்றன. பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவு இல்லமாக உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

பாவேந்தர் காலத்தில் வழி இரண்டாக இருந்தது; இன்று பலவாகியுள்ளது. புதுவை, காரைக்காற் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகி கேரளத்ததையும், ஏனாம் ஆந்திரத்ததையும் பின்பற்றின. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பின்பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் பயின்ற முறை தமிழ்நாட்டில் மாறி, 1978 முதல் பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளியிலேயே அமைந்தன. இப்போது புதுவை அரசினர் பள்ளிகளிற் பாடத்திட்டம் மீண்டும் மாறியுள்ளது. 2023-24ஆம் கல்வியாண்டு முதல் உயர் வகுப்புகளிலும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம் புகுந்தது. தனியார் பள்ளிகள் பல தமிழ்நாட்டு முறையிலேயே நிற்கின்றன. பிரெஞ்சு லிசேயும் உள்ளது. பத்தாம் வகுப்பின்பின் பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் என்னும் வழிகளும் உள.

எப்பாடத்திட்டம் உயர்ந்தது என்று கேட்பார்க்கு யான் கூறுவது மூன்றே. முதலாவது, பெயரையும் கட்டணத்தையும் நோக்காது பிள்ளையின் நாட்டத்தை நோக்குக. கணக்கில் உள்ளம் செல்லாதவனை அறிவியற் பிரிவில் அடைத்தலும், கைத்தொழிலில் வல்லவனைப் பட்டப்படிப்பிற்கே உரியன் என வற்புறுத்தலும் அவன் ஆண்டுகளைக் கொள்ளைகொள்வனவாம். இரண்டாவது, பெண் மக்களைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாதீர். விளக்கை ஏற்றிப் பாதியில் அவிப்பார் உண்டோ?

மூன்றாவதே யான் மிகவும் வற்புறுத்த விழைவது. மத்திய வாரியத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கட்டாயமாவது ஒரு மொழிப் பாடமே. ஆதலின் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு தமிழை விடுத்துச் செல்ல இடமுண்டு. மதிப்பெண் கருதியும், வேறொரு பாடத்திற்கு இடம் வேண்டியும் பலர் அங்ஙனமே செய்யக்கூடும். ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அயல்மொழி கற்றல் குற்றமும் அன்று. பாவேந்தர் பிறந்து வளர்ந்ததே பிரெஞ்சு வழங்கிய நகரத்திலன்றோ! ஆயின், அயல்மொழி வரத் தாய்மொழி போகவேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. தமிழ் விருப்பப் பாடமாக வைக்கப்பெற்றிருப்பின், அதனை விரும்பிக் கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. சேர்க்கைப் படிவத்தில் ஓரிடத்தில் எழுதும் ஒரு சொல்லால் அது நிலைபெறும். எழுதாது விடின் ஒரு தலைமுறையில் மறையும். கேட்பார் மிகுந்தால் ஆசிரியரும் அமர்த்தப்பெறுவர். கேட்பாரில்லையேல் அவ்விடமே எடுபட்டுப்போம்.

புதுவை அரசின் விழாக்களிற் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து பாவேந்தர் இயற்றியதே. அதனைப் பாடி வளரும் நம் பிள்ளைகள் அதன் பொருளை அறியாதவராய்ப் பள்ளியை விட்டு வெளியேறுவது நமக்கு அழகாகாது. முப்பத்தேழாண்டு தமிழ் கற்பித்த அவ்வாசிரியர்க்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச் சின்னம், நம் வீட்டுப் பிள்ளை தமிழை வழுவின்றிப் படித்துப் பொருளுணர்ந்து எழுதும் நிலையே. வரும் கல்வியாண்டில் மக்களைப் பள்ளியிற் சேர்க்கும் பெற்றோர் இதனை மனத்துட் கொள்வாராக.