ஹென்றி போர்டும் ஐந்து டாலர் கூலியும்

பொருளியல் வகுப்பில் வேலைப் பகுப்பு முறையைப் படித்த அன்றுதான் ஹென்றி போர்டு என்னும் பெயர் என் மனத்தில் பதிந்தது. என் அண்ணன் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பதால், அவர் வரலாற்றை ஆவலோடு தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1863-ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர் போர்டு. நிலத்தைவிட எந்திரங்களிலேயே அவருக்கு நாட்டம். பதினாறாம் வயதில் டெட்ராய்ட் நகருக்குச் சென்று பட்டறையில் தொழில் பயின்றார். 1903-இல் கார் நிறுவனம் தொடங்கினார். 1908-இல் அவருடைய 'மாடல் டி' கார் வெளிவந்தது. செல்வர் மட்டுமே ஏறிய காரைச் சாதாரண மக்களும் வாங்கும்படி செய்யவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அதற்கான வழி 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் பிறந்தது. தொழிலாளி காரிடம் போகவில்லை. கார் அவனிடம் நகர்ந்து வந்தது. ஒருவன் திருகாணியை வைப்பான், அடுத்தவன் மரையை மாட்டுவான், மூன்றாமவன் முறுக்குவான். 12 மணி நேரத்திற்கும் மேல் பிடித்த அடிச்சட்டப் பூட்டு வேலை, மறு ஆண்டில் 93 நிமிடங்களில் முடிந்தது!

படித்து வியந்தேன். ஆனால், இன்னொரு கணக்கு என்னைத் திகைக்க வைத்தது. ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்த அந்த ஆலைக்கு, 1913-இல் மட்டும் 50,000 பேருக்கு மேல் சேர்க்க நேர்ந்தது. ஒரே அசைவை நாள் முழுதும் செய்ய மாட்டாமல் பலர் வந்த வேகத்திலேயே வெளியேறினர்.

1914 சனவரியில் போர்டு நாள் கூலியை 5 டாலராக, ஏறத்தாழ இருமடங்காக, உயர்த்தினார். 9 மணி நேர வேலையை 8 ஆக்கினார். அவரை வள்ளல் என்று போற்றியோர் பலர். ஆனால், அக்கூலியைப் பெற நிபந்தனைகள் இருந்தன. குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தனர். தொழிற்சங்கத்தை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1937-இல் ஆலை அருகே துண்டறிக்கை வழங்க வந்த சங்கத்தினரை நிறுவனத்தின் ஆட்கள் அடித்து விரட்டினர். 1941 வேலைநிறுத்தத்திற்குப் பிறகே உடன்பாடு ஏற்பட்டது. 1947-இல் போர்டு மறைந்தார்.

வேலை முடிந்து வரும் என் அண்ணன் யாரிடமும் பேசாமல் படுத்துவிடுவார். சம்பளம் போதாத வருத்தம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். போர்டின் வரலாற்றைப் படித்தபின் ஒருநாள், அங்கே என்ன வேலை என்று முதன்முறையாகக் கேட்டேன். அன்று அண்ணன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நாளை நம்மில் சிலர் மேலாளர்களாகலாம். கூலியைக் கணக்கிடும்போது, நண்பர்களே, அந்தக் கேள்வியையும் கேட்க மறவாதிருப்போம்.