மூளை ஒரே வலையா, தனித்தனி அணுக்களா? வரைந்து பதில் சொன்ன மனிதர்

மூளைக்குள் எந்த நரம்பணு எதோடு பேசுகிறது?

இப்போ அதைக் கண்டுபிடிக்க மின்னணு நுண்ணோக்கியும் செயற்கை நுண்ணறிவும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இருந்தது சாதாரண நுண்ணோக்கி, பென்சில், ரொம்பப் பொறுமை.

அந்தப் பொறுமைக்காரர் ஸ்பெயினைச் சேர்ந்த சந்தியாகோ ரமோன் இ கஹால்.

ஓவியர் ஆக ஆசை

1852இல் பிறந்த கஹால், சிறுவயதில் சரியான வால். படம் வரைவது என்றால் உயிர். அப்பாவுக்கோ மகன் தன்னைப்போல் மருத்துவராக வேண்டும். அடங்காத மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை கற்க அனுப்பிப் பார்த்தார்.

கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். இடுகாட்டில் கிடைத்த எலும்புகளைக் காட்டி வரையச் சொன்னார். ஓவிய ஆசை அப்படியே உடற்கூற்றியல் பக்கம் திரும்பியது.

கஹால் 1873இல் மருத்துவரானார். ராணுவ மருத்துவராகக் கியூபா சென்று மலேரியாவோடு திரும்பினார். பிறகு சேமிப்பைப் போட்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார்.

அப்படி என்ன கண்டார்?

நரம்பணுக்கள் அடர்ந்த காடு மாதிரி பின்னிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றினால் எதுவும் தெரியாது.

இத்தாலியின் கமிலோ கோல்ஜி 1873இல் வெள்ளி உப்பைக் கொண்டு ஒரு முறையை அறிவித்தார். அதில் சில அணுக்கள் மட்டுமே கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்த கோல்ஜி, மூளை முழுதும் ஒட்டிப் பிணைந்த ஒரே வலை என்றார்.

கஹால் 1887இல்தான் அந்த முறையைப் பார்த்தார். அதை மேம்படுத்தி, பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. ஒவ்வொரு நரம்பணுவும் தனி மரம் போல. கிளைகள் நெருங்கி வருகின்றன, ஆனா ஒன்றாகக் கலப்பதில்லை.

யார் நம்பினார்கள்?

ஸ்பானிய மொழியில் எழுதியதை வெளிநாட்டில் அதிகம் பேர் படிக்கவில்லை. எனவே 1889இல் சொந்தச் செலவில் பெர்லினுக்குப் போய், அறிஞர்களை நுண்ணோக்கி வழியே நேரில் பார்க்க வைத்தார். மூத்த அறிஞர் கோலிக்கர் அவர் பக்கம் வந்தார்.

1906இல் கஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்தே நோபெல் பரிசு. பரிசு மேடையிலும் கோல்ஜி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை!

கஹால் 1934இல் காலமானார். நரம்பணுக்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை மின்னணு நுண்ணோக்கி 1950களில்தான் காட்டியது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்று என்ன நடக்கிறது?

மூளையை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிப் படம் எடுக்கிறார்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எப்படித் தொடர்கிறது என்பதைக் கணினி பின்தொடர்கிறது.

அதுவும் தவறு செய்யும். பக்கத்துப் பக்கத்து அணுக்களை ஒன்றாக ஒட்டிவிடும். ஒரே அணுவை இரண்டாகத் துண்டித்துவிடும். அதை மனிதர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள்.

இப்படித்தான் பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024இல் வெளியானது. கடுகளவு மூளையில் சுமார் 139,000 நரம்பணுக்கள், 5 கோடிக்கும் அதிகமான இணைப்புகள். மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள்!

கருவி மாறிவிட்டது. ஓர் அணு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்கு இன்றும் ஒரு மனிதக் கண் தேவைப்படுகிறது.