ரிப்பன் பிரபுவும் ஸ்தல சுயாட்சியும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில் தாமல் என்னும் கிராமம் இருக்கிறது. பழைய தாமர்க் கோட்டத்துக்குப் பெயர் அளித்தது இவ்வூரே என்பர். அவ்வூர்ப் பேரேரியை அறியாதார் அப்பகுதியில் இல்லை. ஏரி நிரம்பினால் மகிழ்பவரும், கரைக்கு ஆபத்து நேர்ந்தால் நடுங்குபவரும் ஊர்க் குடிகளே. ஆயினும் ஏரி அவர்களுடைய பஞ்சாயத்தின் சொத்தன்று; சர்க்காரின் நீர்வளத் துறைக்கு உட்பட்டது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள தமிழ்நாட்டு ஏரிகள் அனைத்தின் நிலைமையும் இதுவே. அதற்குக் குறைந்த சிற்றேரிகளும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றனவேயன்றி, கிராமப் பஞ்சாயத்தின் கையில் இல்லை. கடமை ஓரிடத்தும் உடைமை வேறிடத்தும் இருக்கும் இந்த விபரீதத்தை ஆராயப் புகுவோர், நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆங்கிலேயரின் சரித்திரத்தை அறிதல் நலம். அவரே ரிப்பன் பிரபு.

அவர் 1827ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி லண்டனில், பிரதம மந்திரியின் வாசஸ்தலமாகிய டௌனிங் தெரு 10ஆம் எண் மாளிகையில் பிறந்தார். அப்போது அவருடைய தந்தையே இங்கிலாந்தின் பிரதம மந்திரி. செல்வமும் பதவியும் பிறப்பிலேயே வாய்த்த அவர் பள்ளிக்கோ சர்வகலாசாலைக்கோ செல்லாமல் வீட்டிலேயே கல்வி பயின்றார். பிரபுக்களின் புத்திரர்கள் குதிரைப் பந்தயத்தில் காலம் கழித்த நாட்களில், அவர் தொழிலாளர் சார்பில் பேசிய கிறிஸ்தவ சமதர்மக் கூட்டத்தாரோடு உறவு கொண்டார். பிறகு யுத்த மந்திரியாகவும், 1866இல் சில மாதங்கள் இந்தியா மந்திரியாகவும் இருந்தார். 1874இல் அவர் கத்தோலிக்க மதத்தைத் தழுவியபோது அவருடைய நாட்டில் பெருங்கூச்சல் எழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சரியென்று மனம் கண்டதைச் செய்துவிட்டுப் பழியை ஏற்பது அவர் சுபாவம்.

1880இல் அவர் ராஜப்பிரதிநிதியாக இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு முன் ஆண்ட லிட்டன் பிரபு 1878இல் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒரு சட்டம் செய்திருந்தார். அதை 1882இல் ரிப்பன் பிரபு ரத்து செய்தார். தமிழில் பத்திரிகை நடத்தும் நாம் அந்த நன்றியை மறத்தற்கில்லை. ஐரோப்பியரை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதாவைக் கொண்டுவந்தபோது, இங்கிருந்த வெள்ளையர் அவர்மீது பாய்ந்தார்கள். அந்த ஆரவாரத்தின் முன் மசோதா உருக்குலைந்தது. அது அவருக்கு நேர்ந்த தோல்வி என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்திய செய்கை, 1882ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி வெளியான ஸ்தல சுயாட்சித் தீர்மானமே. ஜில்லா முழுவதற்கும் ஒரு சபை வைத்தால் அது கலெக்டர் கச்சேரியின் நிழலாகவே இருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே தாலுக்காவோ அதனினும் சிறிய பகுதியோ எல்லையாக இருக்க வேண்டும், உத்தியோகஸ்தர் அல்லாதார் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையலாகாது, இயன்ற இடமெல்லாம் தேர்தல் வேண்டும், தலைவரும் கூடியவரை ஜனங்களிலிருந்தே வரவேண்டும் என்று விதித்தார். பள்ளி, வைத்தியசாலை, சாலை முதலிய காரியங்களை ஸ்தல சபைகளிடம் ஒப்படைக்கும்போது அவற்றுக்கேற்ற வருமானத்தையும் உடன் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. முனிசிபாலிட்டிகளின் தலைமேல் சுமத்தப்பட்டிருந்த போலீஸ் செலவை நீக்கியதும் இக்கருத்தினாலேயே. சர்க்கார் வெளியிலிருந்து மேற்பார்வை செய்யலாம்; உள்ளே நுழைந்து ஆட்டிவைக்கலாகாது. ஜனங்கள் தவறு செய்வார்களே என்றவர்களுக்கு, தவறு செய்தே தொழில் பழக வேண்டும் என்பதே அவருடைய விடையாக இருந்தது.

உத்தரமேரூர்ச் சாசனங்கள் அவர் அறியாதவை. அவை ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அங்கே ஏரி வாரியம் என்றே தனியாக ஒன்று இருந்தது. கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியம் ஏற முடியாது. அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியதாயிருந்த குறையை நாம் மூடி மறைக்கவில்லை. எனினும், ஏரியைக் காக்கும் கடமையுடையவர் கையிலேயே ஏரியின் அதிகாரமும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியருக்குச் சுயாட்சி பழக வேண்டும் என்று 1882இல் கருதப்பட்டதே, அது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தாமலுக்கு அருகில் பழகிப்போன காரியம்!

ரிப்பன் பிரபுவின் எண்ணம் சென்னை மாகாணத்தில் என்னவாயிற்று? 1884இல் ஸ்தல போர்டுச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என மூன்று படிகள் அமைந்தன. ஆனால் ஜில்லா போர்டின் தலைமைப் பீடத்தில் நெடுங்காலம் கலெக்டரே வீற்றிருந்தார். கிராம யூனியன்களுக்குக் கிடைத்தவை தெரு விளக்கும் சாக்கடையும் வீட்டு வரி வசூலுமே. ஏரி, புறம்போக்கு, நிலவரி ஆகிய செல்வங்கள் எல்லாம் சர்க்காரிடமே தங்கின. ராஜப்பிரதிநிதி வாசலைத் திறந்தார். உத்தியோக வர்க்கம் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டது.

1884 டிசம்பரில் அவர் நாடு திரும்பியபோது வழி நெடுக ஜனங்கள் திரண்டு வழியனுப்பினார்கள். நம் தமிழ் மக்கள் அவர் பெயருக்கு எதுகையாகத் தகப்பன் முறை வைத்தே அவரை அழைத்தார்கள். அவர் சாம்ராஜ்யத்தின் ஊழியரே. நமக்குச் சுயராஜ்யம் தர வந்தவரல்லர். எனினும் உபதேசித்ததைத் தாமும் செய்தவர். இந்தியா முழுவதையும் ஆண்டவர், பிற்காலத்தில் 1895 - 96இல், தம் சிற்றூராகிய ரிப்பன் நகரத்தின் மேயராக அமர்ந்து பணியாற்றினார். நகரசபை வேலை தமக்குத் தாழ்வென்று அவர் எண்ணவில்லை. 1909 ஜூலை 9ஆம் தேதி காலமானார். 1913இல் திறக்கப்பட்ட சென்னை நகராண்மைக் கழக மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின் தேசம் சுதந்திரம் பெற்றது. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 29 விஷயங்களைப் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாக அட்டவணையிட்டது. ஆனால் வழக்கறிஞர் கண்ணோடு படித்தால், ராஜ்ய சட்டசபை அவற்றை அளிக்கலாம் என்றிருக்கிறதேயன்றி, அளித்தே தீரவேண்டும் என்றில்லை. அந்த ஒரு சொல்லின் இடுக்கில் கிராமங்களின் உரிமை சிக்கிக் கிடக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்ற விதியுங்கூடக் காக்கப்படவில்லை. 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, குடவோலை பிறந்த காஞ்சிபுரம் ஜில்லாவின் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தே இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள்.

பல ஊர்களுக்கு நீர் பாயும் ஏரியை ஓர் ஊரிடம் ஒப்படைப்பதெப்படி, இஞ்ஜினீயர் இல்லாமல் கரை நிற்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயக்கட்டு ஊர்கள் சேர்ந்து ஒரு வாரியம் அமைக்கட்டும். இஞ்ஜினீயர் அதற்கு யோசனை சொல்லட்டும். சர்க்கார் கணக்கைத் தணிக்கை செய்யட்டும். மேற்பார்வை வேறு, எஜமானத்துவம் வேறு. இந்த வேற்றுமையை ஓர் அந்நிய ராஜப்பிரதிநிதி 1882இல் கண்டுகொண்டார். நம்மவர் ஆளும் நாட்டில் நம்மவர்க்கு அது விளங்காதிருத்தல் வெட்கமாகும்.

தேசத் தொண்டர்கள் கிராம சபைகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே தெரு விளக்கைப் பற்றி மட்டும் பேசித் திரும்பலாகாது. ஏரி யாருடையது, புறம்போக்கு யாருடையது, அவற்றின் வருமானம் எங்கே போகிறது என்று கேட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். உடைமையில்லாத கடமை சுயாட்சியாகாது. அது சம்பளமில்லாத சேவகமே.