ஈசுவர சந்திர வித்தியாசாகரர்

விதவை மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்கப் பாடுபட்டவர் என்றே வித்தியாசாகரரை நம்மிற் பலர் அறிவோம். இங்கே நாம் பேச எடுத்துக்கொண்டது, அதற்கு முந்திய ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு சிறு அரிச்சுவடியைப் பற்றியே.

வங்க நாட்டுப் பீர்சிங்காக் கிராமத்தில், 1820இல், வறிய அந்தணர் குடியிலே அவர் பிறந்தார். எட்டு வயதளவில் தந்தையாருடன் கல்கத்தாவுக்கு நடந்து செல்கையில் மைற்கல் ஒன்றைக் கண்டு, அம்மியை ஏன் தெருவோரம் நட்டிருக்கிறார்கள் என்று கேட்டாராம். விளக்கம் பெற்றபின் கல்லுக்குக் கல் பார்த்தே ஆங்கில இலக்கங்களைக் கற்றுக்கொண்டார். தந்தையார் சோதிக்க எண்ணி, ஆறாங் கல்லைக் காட்டாது கடந்து ஐந்தாங் கல்லைக் காட்டினார். ஆறென்று வெட்டவேண்டியதை ஐந்தென்று பிழையாய் வெட்டிவிட்டார்கள் என்றது பிள்ளை!

சமஸ்கிருதக் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்ற அவர், 1851இல் அக்கல்லூரிக்கே அதிபரானார். 1855இல் 'வர்ணபரிசயம்' இரு பாகங்களாக வெளிவந்தது.

அதுவரை வங்கப் பிள்ளைகள் கற்ற உயிரெழுத்துக்கள் 16. அவற்றை 12 ஆக்கினார். வங்கமொழியில் வழங்காத நெட்டெழுத்து இரண்டை நீக்கினார்; அநுஸ்வாரத்தையும் விசர்க்கத்தையும் மெய்களோடு சேர்த்தார். வடமொழிக் கடலைக் கடந்த பண்டிதரே வடமொழி வரிசையிற் கைவைத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடினமான கூட்டெழுத்துக்களை இரண்டாம் பாகத்துக்கு ஒதுக்கினார்.

அவர் அத்துடன் ஓயவில்லை. அறுபதாம் பதிப்பிலும் திருத்தம் செய்தார். பிள்ளைகள் 'அ' என்னாமல் 'உயிர் அ' என்று பெயர்கூட்டிச் சொல்வதை நிறுத்துமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். (நம்மூர் ஆனா, ஆவன்னாவை எண்ணிச் சிரித்துக்கொள்வோம்.) மற்றொன்று, நீரைக் குறிக்கும் சொல்லை அங்கே ஜ, ல என எழுதுவர், வாயிலோ ஈறு 'ல்' என்றே ஒலிக்கும். தமிழிற் புள்ளி இதைக் காட்டிவிடும். வங்க எழுத்திற் பெரும்பாலும் புள்ளியில்லை. வேறு சில சொற்களில் ஈற்று உயிர் ஒலிக்கும். கண்ணால் ஒன்று கண்டு வாயால் வேறொன்று சொல்லும் பிள்ளை என்ன செய்யும்? ஆசிரியர் பலரும் எல்லாவற்றையும் ஒரேவிதமாய் உயிர்சேர்த்தே படிப்பித்தனர். ஆதலால், ஈற்றுயிர் ஒலிக்கும் சொற்களின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை இட்டார்.

1891 யூலை 29இல் அவர் காலமானார். அச்சிறு நூலை வங்கத்தில் இன்றும் அச்சிடுகிறார்கள்.