சங்கிலி போய், துணி வந்தது: பிலிப் பினெல் யார்? ஐசியு கட்டிலில் இருக்கும் பட்டைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

உங்கள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. இரண்டாம் நாள் ஐசியுவுக்குள் போய்ப் பார்க்கிறீர்கள். அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் பஞ்சு வைத்த துணிப்பட்டை. அதன் நாடாவைக் கட்டிலோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். என்ன சிஸ்டர் இது என்று கேட்டால், ராத்திரி குழப்பத்தில் ட்யூபைப் பிடுங்கப் பார்த்தார், பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்கிறார். தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். ஆனால் மனசு ஆறவில்லை.

கட்டியது சரியா, தப்பா? இந்தக் கேள்விக்கு 200 வயசுக்கு மேல் ஆகிறது. இதைப் புரிந்துகொள்ள, பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது உதவும். அவர் பெயர் பிலிப் பினெல். மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் என்று உலகம் கொண்டாடும் ஆள். ஆனால் உண்மைக் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

பாரிஸில் வேலை கிடைக்காத டாக்டர்

பினெல் பிறந்தது 1745-இல், பிரான்ஸின் தெற்கே ஒரு சின்ன ஊரில். அப்பா, முடிதிருத்துவதோடு அறுவை வைத்தியமும் பார்த்தவர். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே தொழில். மகனைப் பாதிரியார் ஆக்க நினைத்தார்கள். அவர் இறையியல் படிப்பை விட்டுவிட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1773-இல் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

1778-இல் பாரிஸ் வந்தார். அங்கே போனால் பெரிய சிக்கல்: வெளியூர்ப் பட்டம் செல்லாது, பாரிஸில் பிராக்டீஸ் செய்ய முடியாது. வேறு ஊருக்கு வேலை தேடிப் போன உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். வயிற்றுப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பு செய்தார், கணக்குப் பாடம் எடுத்தார், ஒரு மருத்துவப் பத்திரிகையை நடத்தினார். இப்படியே ஏறக்குறைய 15 வருஷம் ஓடியது.

அந்த நாட்களில் அவருடைய நண்பர் ஒருவருக்கு மனநோய் வந்தது. அவர் காட்டுக்குள் ஓடிப்போய் அங்கேயே இறந்துபோனார். பினெலின் பார்வை மனநோய் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். தனியார் மனநோய் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 1785-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நூலை பினெல் பிரெஞ்சில் கொண்டுவந்தார். வெறி கொண்ட நோயாளியை அடக்க, கையைக் கட்டும் துணிச்சட்டைதான் மற்ற எல்லாவற்றையும் விட நல்லது என்பது கல்லனின் கருத்து. ஆக, அந்தச் சட்டையை பினெல் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே அது இருந்தது.

பீசெத்ர்: கட்டிவைப்பதே சிகிச்சை

பிரெஞ்சுப் புரட்சி பினெலின் தலையெழுத்தை மாற்றியது. 1793-இல் பாரிஸின் விளிம்பில் இருந்த பீசெத்ருக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டார். பேர்தான் மருத்துவமனை. உள்ளே கைதிகள், ஆதரவற்ற முதியவர்கள், நோயாளிகள் எல்லோரும் ஒரே வளாகத்தில். அவர்களில் சுமார் 200 பேர் மனநோயாளிகள். பலர் வருஷக்கணக்காகச் சங்கிலியில் கிடந்தார்கள்.

அங்கேதான் பினெல் இன்னொருவரைச் சந்திக்கிறார்: ழான் பப்திஸ்த் பூசன். இருவருக்கும் ஒரே வயசு. பூசன் டாக்டர் இல்லை, தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டி வரும் காசநோயோடு பீசெத்ரில் நோயாளியாகச் சேர்ந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மனநோய்ப் பிரிவின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். அவர் மனைவி மார்கெரித்தும் கூடவே வேலை பார்த்தார்.

பூசனின் விதி எளிமையானது. நோயாளி அடித்தாலும் பணியாளர் திருப்பி அடிக்கக் கூடாது. பணியாளர்களையும் அவர் குணமான நோயாளிகளிலிருந்தே தேர்ந்தெடுத்தார். அந்த நிலையில் இருந்து மீண்டவருக்குத்தானே அதன் வலி தெரியும்.

பட்டம் பெற்ற பினெல், பட்டம் இல்லாத பூசனிடம் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு நோயாளியோடும் பேசினார், குறிப்பெடுத்தார், எப்போது வெறி ஏறுகிறது, எப்போது தணிகிறது என்று பார்த்தார். 1801-இல் வெளிவந்த அவருடைய மனநோய் நூல் இந்தக் குறிப்புகளிலிருந்து உருவானது. அதில் பூசனைப் பாராட்டவும் அவர் மறக்கவில்லை.

அப்போ சங்கிலியைக் கழற்றியது யாரு?

பூசன்தான். 1797-இல், பீசெத்ரில். அப்போது பினெல் அங்கே இல்லை. இரண்டு வருஷம் முன்பே, 1795-இல், பெண்களுக்கான சல்பெத்ரியேர் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராகப் போய்விட்டார். பிறகு பினெல் கேட்டுக்கொண்டபடி 1802-இல் பூசனும் சல்பெத்ரியேருக்கு வந்தார். அங்கேயும் சங்கிலிகள் போயின.

சங்கிலி போன இடத்தில் என்ன வந்தது? துணிச்சட்டை. கெட்டித் துணியில் தைத்தது. கைகள் விரலைத் தாண்டி நீளும். முன்பக்கம் திறப்பு கிடையாது, முதுகில்தான் கட்டவேண்டும். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, நீண்ட நுனிகளைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டால் போதும், நோயாளி தன்னையும் காயப்படுத்திக்கொள்ள முடியாது, மற்றவரையும் அடிக்க முடியாது. இரும்பு தோலை அறுத்த மாதிரி துணி அறுக்காது. கால்கள் கட்டப்படாததால் நடக்கலாம், முற்றத்துக்குப் போகலாம்.

பினெலும் இதை ஏற்றார். வெறி ஏறும்போது கொஞ்ச நேரம், தணிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தனி அறையில் அடைப்பதையும் குளிர்ந்த நீரையும் கூட அவர் பயன்படுத்தினார். அவர் புனிதரில்லை, கட்டுப்பாடே வேண்டாம் என்றவரும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு: அவருடைய வார்டில் சட்டை மட்டும் வேலை செய்யவில்லை. எப்போது கழற்றலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்த பூசனும் அவர் ஆட்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

ஓவியம் சொன்ன பாதிக் கதை

1822-இல் அரசு பாரிஸ் மருத்துவப் பள்ளியைக் கலைத்தபோது பினெலின் பேராசிரியர் பதவி போனது. 1826 அக்டோபரில், 81-ஆவது வயதில் இறந்தார். பூசன் 1811-லேயே போய்விட்டார்.

அதன் பிறகு கதையை மற்றவர்கள் எழுதினார்கள். மகன் சிப்பியோனும் மாணவர் எஸ்கிரோலும் எல்லாப் பெருமையையும் பினெலுக்கே சேர்த்தார்கள். 1876-இல் தோனி ரொபேர் ஃப்ளேரி வரைந்த ஓவியத்தில் சல்பெத்ரியேர் முற்றத்தில் பினெல் கம்பீரமாக நிற்க, ஒரு இளம்பெண்ணின் சங்கிலி கழற்றப்படுகிறது. பாடப்புத்தகங்களில் வந்தது அந்தப் படம்தான். தோல் பதனிடும் தொழிலாளி மறைந்துபோனார். சங்கிலிக்குப் பதில் வந்த சட்டையும் கதையிலிருந்து மறைந்துபோனது.

கண்காணிக்க ஆள் குறைந்த மருத்துவமனைகளில் அந்தச் சட்டை நாள்கணக்கில் கழற்றப்படாமல் கிடந்தது. இங்கிலாந்தின் ஜான் கனோலி இதைப் பார்த்துதான் 1839-இல், லண்டன் அருகே சுமார் 800 நோயாளிகள் இருந்த ஹான்வெல் மனநோய் மருத்துவமனையில் சட்டை, பட்டை எல்லாவற்றையும் நிறுத்தினார். அதற்குப் பதில் அவர் நம்பியது நல்ல பணியாளர்களை.

இந்தியாவில் இன்று

இது ஏதோ பிரான்ஸ் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பீசெத்ரில் சங்கிலி போய் 204 வருஷம் கழித்து.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95-இல் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. பிரிவு 97 மற்ற உடல் கட்டுப்பாடுகளைப் பற்றியது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம். பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், பதிவு வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது. தண்டனையாகக் கட்டக் கூடாது. நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முக்கியமாக, ஆள் பற்றாக்குறை மட்டுமே ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

இந்தச் சட்டம் மனநோய்க்குச் சிகிச்சை தரும் இடங்களுக்கானது. ஆனால் அதே கேள்விகளை நீங்கள் எந்த வார்டிலும் கேட்கலாம். ஏன் கட்டினீர்கள்? யார் சொன்னது, கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா? எத்தனை மணிக்கு ஒரு தடவை அவிழ்த்து, தோல் சிவந்திருக்கிறதா, விரல் சில்லிட்டிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள்? எப்போது கழற்றுவீர்கள்?

நீங்களே கண்ணால் பார்க்கக்கூடியவையும் உண்டு. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் கட்டக் கூடாது, இறக்கும்போது கை இழுபடும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு வேண்டும். வீல்சேரில் இடுப்புப் பட்டை போட்டிருந்தால், ஆள் கீழே சரிகிறாரா என்று பாருங்கள். சரிந்தால் பட்டை மார்புக்கும் கழுத்துக்கும் ஏறி மூச்சை அடைக்கலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவிழ்த்துவிடுவீர்களா? குழப்பத்தில் இருக்கும் முதியவருக்குக் கண்ணாடியும் காது மெஷினும் தெரிந்த முகமும் பல சமயம் நிஜமாகவே உதவும். கட்டுவது சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும்.

கட்டுவது தவிர்க்க முடியாத நேரம் சில உண்டு. அப்போதும் அப்பாவின் கையில் இருப்பது நல்ல துணியா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை அவிழ்க்க யார் வருவார், எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். பீசெத்ரில் அந்த ஆளாக இருந்தவர் பூசன்.