கொல்லிமலை ஓரிக்கு 'பி.ஆர்.' வேலை பார்த்தது யார்? 2,000 வருஷம் தாண்டி நிற்கும் ஒரு வில்லாளியின் கதை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனவர்கள், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்திருப்பீங்க. சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவர். கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தியவர் என்று பேர் வாங்கியவர்.

டிவி இல்லை, போஸ்டர் இல்லை, அச்சே இல்லை. அப்புறம் எப்படி இந்தப் பேர் ஊர் ஊராகப் பரவியது?

நடமாடும் மீடியா

அன்றைக்கு செய்தியும் பொழுதுபோக்கும் ஒரே ஆட்கள் கையில்தான் இருந்தன. பாணர், விறலியர், கூத்தர். யாழையும் முழவையும் தூக்கிக்கொண்டு, குடும்பத்தோடு காடு மலை தாண்டி நடந்தவர்கள். பரிசு கொடுத்த தலைவனின் பேர் அடுத்த ஊரில் பாட்டாக ஒலிக்கும். கொடுக்காதவன் பேரும் பரவும், வேறு மாதிரி! இன்றைய ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங், பிராண்ட் இமேஜ் எல்லாவற்றுக்கும் அவர்களே ஏஜென்சி.

காட்டில் ஒரு சந்திப்பு

வன்பரணர் பாடிய புறநானூறு 152-வது பாட்டு ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. காட்டுவழியில் போன கலைக்குழு ஒன்று ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறது. அவர் விட்ட அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகுகிறது. நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம். பாட்டென்றால் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும்.

இவர் ஓரிதானோ என்று குழுத் தலைவருக்குச் சந்தேகம். வாத்தியங்களைக் கூட்டி, முறைப்படி பாடி, அரசன் என்று விளிக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு வெட்கம் வந்துவிடுகிறது. மேற்கொண்டு அவர்களைப் புகழவே விடவில்லை. வேட்டைக்கறியைச் சமைத்துக் கொடுத்து, கள்ளும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே அள்ளித் தருகிறார்.

தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாட்டைப் படித்தபின் மனசில் நிற்பது அம்பு இல்லை, அந்த வெட்கமும் விருந்தும்தான்.

அடுத்த பாட்டில் இன்னொரு குழு. வெள்ளி நாரில் கோத்த மணிக்குவளை மாலையும் யானைகளும் பரிசாகக் கிடைக்கின்றன. வயிறு நிறையச் சாப்பிட்டதில் ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துட்டாங்களாம்.

கேட்பதும் ஒரு கலை

கழைதின் யானையார் பாடிய 204-வது பாட்டு வேறு ரகம். கேட்டது கிடைக்காத வருத்தம் அதில் தெரிகிறது. ஆனாலும் ஓரியைத் திட்டவில்லை. பரிசு கிடைக்காதவர்கள் தாங்கள் புறப்பட்ட நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்கள், உன்னை இல்லை என்று பக்குவமாகச் சொல்லி, வாழ்த்திவிட்டு முடிக்கிறார். உறவும் முறியவில்லை, சேதியும் போய்ச் சேர்ந்தது. இன்று ஸ்பான்சர் தேடி அலைபவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

முடிவு: திருக்கோவலூர்க்காரர் கையில்

பாட்டுப் புகழ் படையைத் தடுக்கவில்லை. திருக்கோவலூர் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தார். அகநானூறு 209-ல் கல்லாடனார் இதைப் பதிவு செய்கிறார்.

காரியும் சாதாரண ஆளில்லை. அவரும் வள்ளல். அவரைப் புகழ்ந்து பாடியவர் கபிலர். அதே கபிலர்தான் நற்றிணை 320-ல், ஓரியைக் கொன்றுவிட்டு அவரது பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தையும் உவமையாக வைத்திருக்கிறார். அது போர்ப்பாட்டு கூட இல்லை, அகப்பாட்டு. அந்தத் தெருவின் கொந்தளிப்பு அவ்வளவு பேருக்குத் தெரிந்திருந்தது போல.

பின்னால் வந்த சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களைப் பட்டியல் போடும்போது காரியையும் ஓரியையும் சேர்த்தே வைக்கிறது. இருவரும் மோதியதையும், அவர்களின் குதிரைகளுக்கும் காரி, ஓரி என்றே பேர் இருந்ததையும் சொல்கிறது. கூடவே, ஓரி கூத்தர்களுக்கு நாடுகளையே கொடுத்தார் என்ற தகவலும் இருக்கிறது.

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு, கலைநிகழ்ச்சிகளும் உண்டு.