இரவைப் படித்த பிராசாய்

அன்று ஹங்கேரிக்கு உட்பட்டிருந்த பிராசோ நகரில் 1899-இல் பிறந்த கியூலா ஹலாஸ், ஓவியம் பயின்றவர். 1924-இல் பாரிஸ் வந்து இதழ்களுக்கு எழுதிப் பிழைத்தார். ஒளிப்படத்தை முதலில் இளக்காரமாகவே கருதினார். விடியும்வரை வீதிகளில் அலைந்த பழக்கமே அவரை அதன்பால் செலுத்தியது. இயற்பெயரை ஓவியத்துக்கென ஒதுக்கிவைத்து, படங்களுக்குப் பிராசாய், அதாவது பிராசோ ஊரார், என்று பெயர் சூடினார். ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரே பெயராயிற்று!

முக்காலி, கருவி, 24 கண்ணாடித் தகடுகள், ஓரிரவுக்கு அவ்வளவே. ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் முன் நெடுநேரம் நின்று நோக்குவார். ஒரு சிகரெட் எரிந்து முடியும் பொழுதே ஒளிபடும் நேரத்தின் அளவு. இருள் மிகுமாயின் பருத்த சிகரெட். பனிமூட்டத்தையும் மழையில் நனைந்த கற்பாதையையும் பெரிதும் நாடினார். அங்கே விளக்கொளி பரவி மென்மையுறும்.

1932-இன் இறுதியில் 'இரவுப் பாரிஸ்' நூல் வெளிவந்து புகழ் தந்தது. சில காட்சிகளில் உடன்வந்தோரையே நிறுத்திப் படமெடுத்தார். அதனைப் பொய்யென்பார் உளர். கவிஞர் அவ்வாறு சொல்லத் துணியார் என்பது என் எண்ணம். பணம் பெற்றுக்கொண்டு படத்துக்கு நின்ற முரடர்கள் ஒருமுறை அவருடைய பணப்பையையும் கவர்ந்தனர். அவர் காவலரிடம் முறையிடவில்லை. தாமும் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துவந்தவரே என்று கருதினார். அத்தகைய மறைவுலகப் படங்களுள் பல 1976-இல்தான் நூலாயின. 1984-இல் மறைந்த பிராசாய், தாம் இரவெல்லாம் நடந்த மோன்பர்னாஸ் பகுதியின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.